அண்ணியின் பாதிக் கல்

என் அண்ணியை முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். வாயைத் திறந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் வருகிற குரல் அவளுடையது. எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்பதைத் தேன் தடவினமாதிரி சொல்லி, "உங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று முடிப்பாள். அந்த 'வருந்துகிறோம்' காதில் விழுந்தால், நடைமேடையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடக் கொஞ்ச நேரம் கோபம் வராது. என் மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு வைத்த பெயர் ரயில் அத்தை. இன்று வரை அந்தப் பெயர்தான்.

ஊரில் ஓடுகிற அத்தனை வண்டிகளின் தாமதத்துக்கும் வருந்துகிற இந்தப் பெண்மணி, தன்னுடைய தாமதத்துக்கு ஒரு நாளும் வருந்தியதில்லை. விருந்துக்குப் போனால் அவளுக்கு மிஞ்சுவது பாத்திரத்தின் அடிதான். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கக் கிளம்பினால், நாங்கள் போய்ச் சேரும்போது நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார். இது மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. வேலைக்கு மட்டும் எப்படி அண்ணி டாணென்று போய்விடுகிறீர்கள் என்று கேட்டால், "அங்க நான் ஒருத்தி மட்டும் கிளம்பினாப் போதும்ல" என்பாள். இதெல்லாம் ஒரு பதிலா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வம்சத்துக்குக் காத்திருக்க வராது. எனக்கு வராது, என் அண்ணனுக்கு அறவே வராது. அண்ணன் மருந்துக் கடை வைத்திருந்தான். அவன் கடைக் கதவைத் தூக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்வீட்டுக்காரர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். அப்படிப்பட்டவன் என் அண்ணியைக் கட்டிக்கொண்டு வாழ்நாளில் பாதியை வாசல் கேட்டில் நின்றே கழித்தான். நான் அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்ததால் எங்கே போனாலும் சேர்ந்துதான் போவோம். நான் வந்து சேரும்போது அவன் ஒரு கையைக் கேட்டின் கொக்கியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பான். கால் கடுக்க நின்றாலும் உள்ளே மட்டும் திரும்பிப் போகமாட்டான். போனால் இன்னும் தாமதமாகும் என்பது அவன் கட்சி.

கேட்டிலிருந்து பார்த்தால் முன்னறை ஜன்னல் வழியாக ஒரு நிலைக்கண்ணாடி தெரியும். எட்டிப் பார்க்கிற எங்களுக்கு அண்ணி எப்போது கண்ணில் பட்டாலும் அந்தக் கண்ணாடியில் சீப்பும் கையுமாகத்தான் நிற்பாள்.

"என்னண்ணா, அண்ணி எங்க?" என்று கேட்பேன், தெரிந்துகொண்டே.

"தலை வாரிக்கிட்டிருக்கா" என்பான் அண்ணன். கிரிக்கெட் வர்ணனையாளர் விக்கெட் விழவில்லை என்று சொல்கிற அதே தொனி. நானும் சிரிப்பேன். எத்தனை வருஷம் இதற்கே சிரித்தோம் என்று கணக்கில்லை. அண்ணி ஆடி அசைந்து வருவாள், கையில் இரண்டு பை, தோளில் ஒரு பை. "இதோ வந்துட்டேன்ல, எதுக்குக் கத்துறீங்க?" என்பாள். யாரும் கத்தியிருக்கமாட்டார்கள். கார் ஹாரன் மட்டும் அடித்திருக்கும்.

அண்ணனுக்கு நுரையீரலில் புற்று வந்தது. மருந்துக் கடைக்காரனுக்கு எந்த மாத்திரை எந்தக் கட்டத்தில் எழுதித் தருவார்கள் என்று தெரியும், அதனால் டாக்டரால் அவனிடம் ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை. கடையை விற்றான், கணக்கை முடித்தான். நடக்க முடிகிற நாளிலேயே தன் கல்லறைக் கல்லுக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டான். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் கல்லில் எழுத்து வெட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே தானே போய், தம்பதிக் கல்லாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தான். தம்பதிக் கல் என்றால் ஒரே அகலக் கல்தான். யார் முந்துகிறார்களோ அவர்கள் பக்கத்தில் எழுத்து வெட்டுவார்கள். மற்றப் பாதி வழவழவென்று அடுத்த ஆளுக்காகச் சும்மா இருக்கும்.

என்ன எழுதச் சொன்னான் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணி கேட்டதற்கு, "பேரு, தேதி, வேற என்ன எழுதப்போறாங்க?" என்று விட்டான். பாவி.

அவன் போய், மண் இறுகி, கல்லை நட்டு வைக்கிற நாள் வந்தது. சொந்தக்காரர்கள், கடையில் வேலை பார்த்தவர்கள், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் வந்து நின்றோம். கல்லின் மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. எல்லோரும் இருந்தோம், அண்ணியைத் தவிர. வெயில் ஏறிக்கொண்டே போனது. கல்காரருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது, அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். "இன்னிக்கு ஒரு நாளாவது!" என்று நான் பல்லைக் கடித்தேன். கடைசியில் நான்தான், எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் துணியை எடுத்தார்.

பெயர் இருந்தது, தேதிகள் இருந்தன. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது:

நான் எப்பவோ வந்து நிக்கிறேன்.
அவ இன்னும் தலை வாரிக்கிட்டிருக்கா.

முதலில் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அது எதிர்வீட்டுக்காரருக்குத் தொற்றி, அவரிடமிருந்து எனக்குத் தொற்றி, கடைசியில் கல்லறைத் தோட்டம் என்பதையே மறந்து அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. அண்ணன் என் பக்கத்தில் நின்று சாவியைச் சுழற்றுவது போலவே இருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தாள். தலை படிய வாரியிருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கியிருந்த சிரிப்பு மறுபடி பீறிட்டது. அண்ணி எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு, கல்லைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"செத்தும் வாய் ஓயல பாருங்க, இந்த மனுஷனுக்கு!" என்றாள். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, எழுத்துகளுக்குள் படிந்திருந்த கல்தூசியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் தோள் குலுங்கியது. அது சிரிப்பு இல்லை என்று தெரிந்து நாங்கள் அடங்கினோம்.

கல்லறைத் தோட்டத்து மேலாளர் விஷயம் கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னம்மா இது? அமைதியா இருக்கிற இடத்துல இப்படி எழுதி வச்சா, பக்கத்துல இருக்கிறவங்கல்லாம் என்ன நினைப்பாங்க?"

"பக்கத்துல இருக்கிறவங்க ஒண்ணும் நினைக்கமாட்டாங்க சார்" என்றார் கல்காரர், தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கல் பிரபலமாகிவிட்டது. வேறு யாரையோ பார்க்க வந்தவர்களெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து படித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில், தங்களுக்கும் இப்படி ஏதாவது வேண்டும் என்று கல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையின் கோடியில் ஒரு தையல்காரருக்கு, "அளவு சரியாத்தான் இருக்கு" என்று வெட்டினார்கள். ஆயுள் முழுக்க வாடகை வீடு மாற்றியே அலுத்த ஒருவர், "இனிமே என்னைக் காலி பண்ணச் சொல்லாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போனார். ஒரு அம்மாள் தன் கணவர் கல்லில், "தூங்குறார். இப்பதான் சத்தம் இல்லாம" என்று எழுதவைத்தாள். மகா கஞ்சர் ஒருவருக்கு அவர் பிள்ளைகள் பெரிய பளபளப்பான கருங்கல் வைத்து, "இந்தக் கல்லோட விலையை அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று போட்டார்கள். மேலாளர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு வருகிற விருந்தாளிகளுக்கு அவரே கூட்டிப்போய்க் காட்ட ஆரம்பித்தார்.

இதில் மாட்டிக்கொண்டது அண்ணி ஒருத்திதான். மற்றக் கல்லெல்லாம் செத்தவர்களைக் கேலி பண்ணியது. எங்கள் கல் மட்டும் உயிரோடு இருக்கிறவளை. அவள் கையில் பூவாளியோடு போனால், முன்பின் தெரியாதவர்கள்கூட, "என்னம்மா, இன்னும் வாரி முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்கு, 'நீங்கள் எப்போது சாவீர்கள்' என்றுதானே அர்த்தம்? அண்ணி அதற்கெல்லாம் அசரவில்லை. "இன்னும் சிக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

ரயில் நிலையத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு வேறு யோசனை. அண்ணியின் பாதியில் என்ன எழுதவேண்டும் என்று அவர்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள். "அக்கா, 'தாமதத்துக்கு வருந்துகிறேன்'னு போட்டா எப்படி இருக்கும்! ஜோடிப் பொருத்தம்!" என்று டிக்கெட் கவுண்டர் பெண் குதித்தாளாம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அண்ணியிடம் சொன்னேன். சுள்ளென்று விழுந்தாள்.

"நான் ஓட்டாத வண்டிக்கெல்லாம் வருஷக்கணக்கா வருந்தியாச்சு. எனக்குன்னு ஒரு கல் வச்சா அதுலயும் வருந்தணுமா? நான் எதுக்கு வருந்தணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறதே என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தப் பாதி அப்படியே வெறுமையாக இருந்தது. வழவழப்பான கருங்கல் ஆகையால், அதன் முன்னால் நின்றால் முகம் தெரியும்.

இப்போது கண்ணாடிக் கடைக்காரர் கதைக்கு வரவேண்டும். மூக்குக் கண்ணாடி விற்கிறவர். அவருடைய மனைவியின் கல் எங்கள் கல்லுக்கு அடுத்ததுதான், அதுவும் தம்பதிக் கல்தான். அதில் 'அன்பும் பண்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த' என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் நாலு வரி. மனிதர் வந்தால் தலையைக் குனிந்து நிற்பார், யாரிடமும் பேசமாட்டார், போய்விடுவார். ஒரு நாள் தலையைத் தூக்கிப் பக்கத்துக் கல்லைப் படித்துவிட்டு, குபீரென்று சிரித்துவிட்டார். பின்னாலேயே பூவாளியோடு அண்ணி.

"என்ன சிரிப்பு?"

"மன்னிக்கணும். படிச்சதும் அடக்க முடியல. பாவம் இவர். எவ்வளவு நாளா நிக்கிறாரோ? அந்தம்மா எங்க இருக்காங்களோ?"

"அந்தம்மா நான்தான்."

மனிதருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அண்ணியின் தலையைப் பார்த்தாராம். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "நல்லாத்தான் வாரியிருக்கீங்க" என்றாராம். இதை அண்ணியே என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். அண்ணன் போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருக்கும் அன்று சிரித்ததுதான் மனைவி போனபின் முதல் சிரிப்பாம். அப்புறம் என்ன, அவர் கடையில் அண்ணிக்குப் புதுக் கண்ணாடி. ஸ்டேஷன் எதிரே இருக்கிற டீக்கடையில் டீ. தான் ஏறவேண்டிய வண்டி ஏதும் இல்லாத நாளில்கூட அவர் நடைமேடையில் உட்கார்ந்து அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்ததாக டிக்கெட் கவுண்டர் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். அண்ணி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறாள். என் அண்ணி யோசித்துச் சொல்வதென்றால் எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. அவர் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அண்ணி சரி என்று சொன்னபோது, அவர் எதற்குச் சரி என்று கேட்டாராம்.

இந்தச் செய்தி எனக்கு என் மகள் வாய்வழியாக வந்தது. "ரயில் அத்தைக்குக் கல்யாணம்மா! பதிவாளர் ஆபீஸ்ல தேதி வாங்கிட்டாங்க!" என்று துள்ளிக்கொண்டு சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கல்யாணம் தப்பு என்று நான் சொல்லவில்லை, நான் அவ்வளவு பழைய ஆள் இல்லை. ஆனால் என் கண்முன்னால் அந்தப் பாதிக் கல் வந்து நின்றது. இவள் இன்னொருவர் மனைவியாகிவிட்டால் நாளைக்கு அவர் பக்கத்தில்தானே படுப்பாள்? அப்புறம் எங்கள் கல்லில் பாதி காலியாகவே கிடக்கும். மறுபாதியில் மட்டும் அண்ணன் நிற்பான், வரவே மாட்டாத ஒருத்திக்காக. ஊரே வந்து படித்துச் சிரிக்கும். இதுவரை சிரித்தது வேறு, இனிமேல் சிரிக்கப்போவது வேறு. என் அண்ணன் ஏமாந்தவனாகக் கல்லில் நிற்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

குடையைக்கூடச் சரியாக விரிக்காமல் மழையில் கிளம்பிப் போனேன். அண்ணி கதவைத் திறந்ததும் வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பாதி யாருக்கு?"

"எந்தப் பாதி?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. எங்கண்ணன் அங்க நின்னுக்கிட்டிருக்கான். நீங்க வருவீங்கன்னு கல்லுல எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். நீங்க பாட்டுக்கு வேற வீட்டுக்குப் போயிட்டா அவன் கதி என்ன?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முதல்ல தலையைத் துவட்டு" என்று துண்டை எடுத்து எறிந்தாள். "நானே இன்னிக்கு அங்கதான் போகணும். நீயும் வா. அங்க போய்ப் பேசிக்கலாம். கிளம்பு."

நான் கிளம்பித்தானே வந்திருக்கிறேன்! வழக்கமாக என்றால் கேட்டில் போய் நின்றிருப்பேன். வெளியே மழை கொட்டியதால் முன்னறையிலேயே நிற்க வேண்டியதாயிற்று. யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் அண்ணி கிளம்புகிறபோது நான் வீட்டுக்குள் இருந்தது அன்றுதான் முதல் முறை.

அண்ணி அடுப்படிக்குப் போனாள். காஸ் சிலிண்டரை மூடினாள். மூடியபிறகு அடுப்பைத் திருகிப் பார்த்தாள். குழாய் ஒன்று சொட்டியது, அதை ஒரு துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் பாத்திரத்தைக் குளிர்பெட்டிக்குள் தள்ளினாள். படுக்கையறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனை வருமாம், அதைச் சாத்தினாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சும்மா விழாது. கதவை இடுப்பால் முட்டி, கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் விழும். அதை அவள் தூக்கியபோது, ஒத்தாசைக்குப் போன என்னை முழங்கையால் தள்ளிவிட்டாள். "உனக்கு அந்தப் பழக்கம் இல்ல, விரல் மாட்டிக்கும்" என்றாள். விளக்குகளை அணைத்தாள். மாடிப்படிக்குக் கீழே மட்டும் ஒன்றை விட்டுவைத்தாள், திரும்பி வரும்போது இருட்டாக இருக்குமே என்று. மறுபடி அடுப்படிக்குப் போய்க் காஸைத் தொட்டுப் பார்த்தாள்.

இதற்குள் மழை விட்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுக்குப் போய்விட்டேன். கை தானாகக் கொக்கிக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல். நிலைக்கண்ணாடி. அதில் அண்ணி, சீப்பும் கையுமாக. இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். சீப்பை வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் கேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரே இடம் அந்தக் கண்ணாடிதான். அடுப்படி தெரியாது, கொல்லைக் கதவு தெரியாது, பூனை வருகிற ஜன்னல் தெரியாது. அவள் எல்லா வேலையும் முடித்துவிட்டுக் கடைசியாகச் செய்கிறது எதுவோ, அதை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கல்லில் வேறு வெட்டி வைத்துவிட்டோம்! அண்ணன்மேல் எனக்கு அன்றுதான் முதல் முறையாகக் கோபம் வந்தது. ஒரு தடவை உள்ளே திரும்பிப் போய்ப் பார்த்திருந்தால் என்ன, மகாராஜா?

அண்ணி கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு கையில் என் குடை, இன்னொரு கையில் என் கைப்பை, அதற்குள் என் மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிட்டுத்தான் நான் கேட்டில் வீராப்பாக நின்றிருக்கிறேன்.

"கூடப் பிறந்தவங்கன்னா அப்படியே இருப்பீங்களா?" என்றாள் அண்ணி. "அவரும் இப்படித்தான். சாவி மட்டும்தான் கையில இருக்கும்."

குடையையும் பையையும் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். இது என் சரித்திரத்தில் அபூர்வம்.

கல்லறைத் தோட்டத்தில் கல்காரர் எங்கள் கல்லின் முன்னால் குந்தியிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் அவர் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். மழை நின்றது அவருக்குத் தெரியவில்லை போலும். கல்லின் வலது பாதியில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. கடைசி எழுத்து முடிகிற நேரம். கல்காரர் ஊதிவிட்டு எழுந்து ஒதுங்கினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

வீட்டைப் பூட்டிட்டு வரேன்.

அவ்வளவுதான். பெயர் இல்லை, தேதி இல்லை. அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது.

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தட்டினாள்.

"நான் வருவேனான்னுதானே கேட்ட? போட்டிருக்கேன் பாரு. எப்ப வருவேன்னு மட்டும் கேக்காத."

"அப்ப கல்யாணம்?"

"அதுவும் உண்டு. இவரும் பாவம், ரெண்டு வருஷம் உக்காந்திருந்தார். கடையைத் திறக்கணும்ங்கிறதையே மறந்துட்டார்."

கண்ணாடிக் கடைக்காரர் குடையை மடக்கினார். "எனக்கும் பக்கத்துலயே இடம் இருக்கும்மா" என்று தன் மனைவியின் கல்லைக் காட்டினார். அதிலும் பாதி காலிதான். "இருக்கிற வரைக்கும் நாங்க ஒண்ணா இருக்கோம். அப்புறம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுறோம். பக்கத்து வீடுதானே?"

இப்படியும் ஒரு கல்யாண ஒப்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டபோது மனசு லேசாகிவிட்டது. என் அண்ணன் ஏமாறவில்லை. அவன் நிற்கிறான், அவள் வருகிறாள். நடுவில் அவளுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, எப்போதும் போல.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்காரரைக் கூப்பிட்டேன். இடது பக்கத்து வரியைக் காட்டி, இதில் இருப்பது உண்மை இல்லை, திருத்த முடியுமா என்று கேட்டேன். தலை வாரிக்கொண்டிருக்கிறாளாம்! கொல்லைத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போடுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிடும். அவர் விரலால் எழுத்தின் ஆழத்தைத் தடவிப் பார்த்து, "தேய்ச்சு எடுக்கலாம்மா, கொஞ்சம் பள்ளம் தெரியும்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "அவர் அப்படியே சொல்லிக்கிட்டு நிக்கட்டும். உள்ள வந்து பார்த்தாத்தானே தெரியும்? நான் போய் நேர்ல சொல்லிக்கிறேன்."

சொல்வாள். விடமாட்டாள். அங்கே போனபின் என் அண்ணனுக்கு நிம்மதி ஏது?

கல்காரர் கிளம்பினார். நானும் எழுந்து, பழக்கதோஷம், விறுவிறுவென்று முன்னால் நடந்து கல்லறைத் தோட்டத்து கேட்டுக்குப் போய்விட்டேன். கொக்கியில் கையை வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அண்ணியைக் காணோம். எட்டிப் பார்த்தால், கல்காரர் விரித்துப் போட்டிருந்த பெரிய துணியை உதறிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கல்லுக்கும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றிப் பொடியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். துணி பெரிது, ஈரம் வேறு. ஒருத்தியால் மடிக்க முடியவில்லை.

'அண்ணி, எவ்வளவு நேரம்!' என்று கத்த வாய் திறந்தது. அதை விழுங்கிவிட்டுத் திரும்பி உள்ளே போனேன். போய்த் துணியின் இன்னொரு முனையைப் பிடித்தேன்.

அண்ணி புருவத்தைத் தூக்கினாள். "என்ன அதிசயம்! வாசல்ல போய் நிக்கலையா?"

"நிக்கத்தான் அங்க ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கானே" என்றேன். "நீங்க சரியாப் பிடிங்க."